ஆலை இல்லா ஊரின் சர்க்கரை

சனிக்கிழமை மாலை. கிள்ளானில் ஒரு வரிசை வீடு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் படிவத்தில் பயிலும் மாணவி ஒருத்தி முதன்முறையாகத் தனியே மீன் குழம்பு வைக்க முனைந்திருக்கிறாள். தாதியாகப் பணிபுரியும் அம்மாவுக்கு அன்று இரவு வேலை. பாட்டிக்கும் தம்பிக்கும் உணவு சமைக்கும் பொறுப்பை அவளே விரும்பி ஏற்றுக்கொண்டாள். அம்மா எழுதிவைத்த குறிப்பு மேசைமேல் இருக்கிறது. மீனைக் கழுவி மஞ்சள் தடவியாயிற்று. வெங்காயமும் வதங்கிவிட்டது. குறிப்பின் அடுத்த வரி, 'எலுமிச்சை அளவு புளியைக் கரைத்து ஊற்றவும்' என்கிறது. புளி வைக்கும் போத்தலைத் திறந்தால் அது காலியாக இருக்கிறது.

"பாட்டி, புளி தீர்ந்துபோச்சு. குழம்பு வைக்க முடியாது. முட்டையைப் பொரிச்சிடவா?" என்று வரவேற்பறையை நோக்கிக் குரல் கொடுக்கிறாள்.

"புளிதானே தீர்ந்துபோச்சு? புளிப்புமா தீர்ந்துபோச்சு?" என்று கேட்டபடியே பாட்டி சமையலறைக்குள் வருகிறார்.

சமையலில் ஒரு பொருள் இல்லாதபோது என்ன செய்வது என்னும் கேள்விக்கு வேண்டிய விடையின் முதற்பகுதி பாட்டியின் அந்த ஒரு வரியிலேயே அடங்கியிருக்கிறது. புளி என்பது ஒரு பொருள். புளிப்பு என்பது அப்பொருள் செய்யும் வேலை. பொருள் இல்லாமற்போகலாம். அந்த வேலையைச் செய்ய வேறொன்று வீட்டிலேயே இருக்கக்கூடும்.

பழமொழி சொல்வது என்ன?

'ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை' என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கரும்பாலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூவே சர்க்கரையாக மதிக்கப்படும் என்பது இதன் நேர்ப்பொருள். சிறந்தது கிடைக்காத இடத்தில் அதைவிடக் குறைந்தது பெருமை பெற்றுவிடும் என்னும் சற்று ஏளனமான பொருளில்தான் இது பெரும்பாலும் பயன்படுத்தப்படுகிறது.

ஆயினும், இப்பழமொழியில் இன்னோர் உண்மையும் உண்டு. ஊரில் எத்தனையோ பூக்கள் இருக்க, மக்கள் இலுப்பைப்பூவைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அது உண்மையிலேயே இனிப்பானது. உலர்ந்த இலுப்பைப்பூவில் சர்க்கரைச் சத்து மிகுதி. மாற்றுப்பொருளைத் தேடியவர்கள் கைக்குக் கிடைத்த ஏதோ ஒரு பூவை எடுத்துக்கொள்ளவில்லை. சர்க்கரை செய்யும் வேலையைச் செய்யக்கூடிய பூவை எடுத்துக்கொண்டார்கள். மாற்றுப்பொருள் தேர்வின் அடிப்படை இதுவே.

ஒரு பொருள் எத்தனை வேலை செய்கிறது?

உணவில் சேர்க்கப்படும் பொருள் பொதுவாக நான்கு வேலைகளைச் செய்யும். முதலாவது, சுவை தருதல். இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கசப்பு, துவர்ப்பு என்று தமிழர் வகுத்த அறுசுவையும் இதில் அடங்கும். இரண்டாவது, மணம் தருதல். மூன்றாவது, நிறம் தருதல். நான்காவது, பதம் தருதல். அதாவது, குழம்பைக் கெட்டியாக்குவது, மென்மையாக்குவது போன்றவை.

சில பொருள்கள் ஒரு வேலையை மட்டுமே செய்யும். உப்பு அப்படிப்பட்டது, அதற்கு மணமோ நிறமோ இல்லை. சில பொருள்கள் நான்கையும் செய்யும். புளிக்கரைசல் புளிப்பைத் தருகிறது. மெல்லிய இனிப்பையும் தருகிறது. குழம்புக்குப் பழுப்பு நிறம் கொடுக்கிறது. அதைச் சற்றுக் கெட்டியாகவும் ஆக்குகிறது. எனவே, புளிக்கு மாற்றுத் தேடுபவர், "புளிப்பாக வேறு என்ன இருக்கிறது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "இந்தச் சமையலில் புளி என்னென்ன வேலைகளைச் செய்கிறது?" என்று கேட்க வேண்டும்.

தோற்றத்தை வைத்து மாற்றுப்பொருளைத் தேர்ந்தெடுப்பது ஏமாற்றத்தில் முடியும். சீரகமும் பெருஞ்சீரகமும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், பெயரும் ஒத்திருக்கும். ஆனால், சீரகத்தின் மணம் வேறு. சோம்பு எனப்படும் பெருஞ்சீரகத்தின் இனிய மணம் வேறு. இரசத்தில் சீரகத்துக்குப் பதிலாகச் சோம்பைப் போட்டால், முதல் வாயிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். ஒரே செடியிலிருந்து கிடைப்பவைகூட ஒன்றுக்கொன்று மாற்றாகிவிடுவதில்லை. கொத்தமல்லித் தழையும் மல்லி விதையும் ஒரே செடி தருபவைதாம். ஆனால், தழை இறுதியில் தூவப்படும் பசுமணம். வறுத்துப் பொடித்த விதை குழம்பின் அடித்தளம். ஒன்றின் இடத்தில் மற்றொன்று நிற்க முடியாது.

புளிப்புக்கு மாற்று

மீண்டும் அந்தச் சமையலறைக்கு வருவோம். புளிப்புத் தரக்கூடியவை என்று மாணவி தேடியபோது நான்கு பொருள்கள் கிடைத்தன. குளிர்பதனப் பெட்டியில் இரண்டு தக்காளியும் சில லீமாவ் கஸ்தூரியும் இருந்தன. அலமாரியில் ஒரு போத்தல் வினிகர் இருந்தது. அதன் பின்னால், பக்கத்து வீட்டு மாக்சிக் சென்ற மாதம் கொடுத்த அசாம் கெப்பிங் பொட்டலம் பிரிக்கப்படாமல் கிடந்தது. அவள் முதலில் வினிகரை எடுத்தாள். "கொஞ்சம் பொறும்மா. நாலையும் பத்தி யோசிச்சிட்டு எடு," என்றார் பாட்டி.

நான்கும் புளிப்பானவை என்றாலும், அவற்றின் புளிப்பு ஒன்றன்று. புளியில் மிகுந்திருப்பது டார்டாரிக் அமிலம். எலுமிச்சை வகைகளில் சிட்ரிக் அமிலம் மிகுதி. வினிகரின் புளிப்புக்குக் காரணம் அசிட்டிக் அமிலம். இது எளிதில் ஆவியாகக் கூடியது. அதனால்தான் வினிகர் போத்தலைத் திறந்ததும் நெடி மூக்கில் ஏறுகிறது. வினிகரைக் குழம்பில் சேர்ப்பதானால், சிறிதளவே ஊற்றிச் சில நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நெடி ஓரளவு அடங்கும். ஆனாலும், ஊறுகாயை நினைவூட்டும் வாடை குழம்பில் தங்கிவிட வாய்ப்புண்டு.

லீமாவ் கஸ்தூரிக்கு நேர்மாறான முறை வேண்டும். அதன் சிறப்பே அதன் மணம். நெடுநேரம் கொதித்தால் அந்த மணம் போய்விடும், கசப்பும் தலைகாட்டும். எனவே, அடுப்பை அணைத்த பிறகே அதைப் பிழிய வேண்டும். தயிரிலுள்ள லாக்டிக் அமிலமும் புளிப்புத் தரும். ஆனால், தயிரைக் கொதிக்கும் குழம்பில் அப்படியே கொட்டினால் திரிந்துபோகும். அதை நன்றாகக் கடைந்து, தணிந்த தீயில் சிறிது சிறிதாகச் சேர்ப்பதே முறை.

அசாம் கெப்பிங் இவை அனைத்திலிருந்தும் வேறுபட்டது. 'அசாம்' என்னும் மலாய்ச் சொல் புளிப்பைக் குறிக்கும். 'கெப்பிங்' என்றால் துண்டு. பெயரில் புளிப்பு இருந்தாலும், இது புளியமரத்திலிருந்து வருவதன்று. மங்குஸ்தீன் மரத்தின் உறவான ஒரு மரத்தின் காயை மெல்லிய வில்லைகளாக நறுக்கி உலர்த்தினால் அசாம் கெப்பிங் கிடைக்கும். கேரளத்தில் மீன் கறிக்குச் சேர்க்கப்படும் குடம்புளியும் இதே உறவைச் சேர்ந்ததுதான். மலாய்க்காரர்களின் அசாம் பெடாஸ் மீன் கறியில் இது விரும்பிச் சேர்க்கப்படுகிறது. நெடுநேரம் கொதித்தாலும் இதன் புளிப்புக் கெடுவதில்லை. வேண்டிய புளிப்பு இறங்கியதும் வில்லைகளை எடுத்துவிடலாம்.

மீன் சமையலில் புளிப்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. மீனின் கவிச்சு வாடைக்குக் காரணமான பொருள்கள் காரத்தன்மை உடையவை. புளிப்பிலுள்ள அமிலம் அவற்றோடு வினைபுரிந்து வாடையைத் தணிக்கிறது. ஆகவே, புளியே இல்லாமல் மீன் குழம்பு வைப்பதைவிடப் புளிப்பான வேறொன்றைச் சேர்ப்பதே நல்லது.

பாட்டியின் வழிகாட்டலில் அவள் மூன்று வில்லை அசாம் கெப்பிங்கைக் கழுவிக் குழம்பில் இட்டாள். புளிக்கரைசல் தரும் கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும் இரண்டு தக்காளியை நறுக்கி நன்றாக வதக்கிச் சேர்த்தாள். புளியில் இருக்கும் மெல்லிய இனிப்புக்காக ஒரு சிட்டிகைச் சீனியைத் தூவினாள். புளி ஒன்று செய்த வேலையைச் செய்ய மூன்று பொருள்கள் தேவைப்பட்டன.

புளிப்பைச் சேர்க்கும் நேரமும் முக்கியம். அமிலம் இருக்கும் நீரில் பருப்பும் கிழங்கும் எளிதில் மென்மையாவதில்லை. சாம்பாரில் பருப்பும் காய்களும் வெந்த பிறகே புளி ஊற்றும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. எந்த மாற்றுப்பொருளைப் பயன்படுத்தினாலும் இந்த ஒழுங்கு மாறாது.

காரத்துக்கு மாற்று

மிளகாய் இல்லாத தமிழ்ச் சமையலை இன்று நினைத்துப் பார்ப்பதே கடினம். ஆனால், மிளகாய் தமிழர் நிலத்துக்கு உரியதன்று. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். 1492-ஆம் ஆண்டில் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பிறகே, ஐரோப்பியக் கப்பல்கள் வழியாக அது ஆசியாவுக்கு வந்தது. அதற்கு முன்பு தமிழர் சமையலுக்குக் காரம் தந்தவற்றுள் முதன்மையானது மிளகு. திப்பிலியும் இஞ்சியும் அதற்குத் துணை நின்றன. புதிதாக வந்த காய் மிளகைப் போல் காரமாக இருந்ததால், மிளகின் பெயரையே அதற்கும் சூட்டினர். மிளகு, காய் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே மிளகாய். ஒரு காலத்தில் மாற்றுப்பொருளாக வந்தது, பிற்காலத்தில் முதற்பொருளாகவே நிலைத்துவிட்டது.

மிளகாய் இல்லாதபோது மிளகைப் பயன்படுத்துவது அப்பழைய வழிக்கே திரும்புவதாகும். எனினும், இரண்டின் காரமும் ஒன்றன்று. மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின். மிளகின் காரத்துக்குக் காரணம் பைப்பரின். மிளகாய்த்தூள் சிவப்பு நிறத்தையும் தருகிறது. மிளகு அதைத் தராது. மிளகுக்கு அழுத்தமான தனி மணம் உண்டு. நெடுநேரம் கொதித்தால் அம்மணம் குறையும். ஆகவே, மிளகைப் பொடித்துச் சமையலின் இறுதிக் கட்டத்தில் சேர்ப்பது நல்லது.

ஒரு வகை மிளகாய்க்கு வேறு வகை மிளகாயைப் பயன்படுத்தும்போதுகூட எண்ணிக்கையை அப்படியே பின்பற்றக் கூடாது. மிளகாயின் காரத்தை அளக்க வில்பர் ஸ்கோவில் என்பவர் 1912-இல் ஓர் அளவுமுறையை உருவாக்கினார். அம்முறைப்படி, சில்லி பாடி எனப்படும் சிறிய ஊசிமிளகாயின் காரம் பொதுவாக 50,000 அலகு முதல் 100,000 அலகு வரை இருக்கும். ஹாலபெனோ என்னும் பருத்த மிளகாயின் காரமோ 2,500 முதல் 8,000 அலகு வரைதான். 'மிளகாய் ஐந்து' என்று குறிப்பில் இருப்பதைப் பார்த்து ஐந்து சில்லி பாடியைப் போட்டுவிட்டால், அந்த உணவை யாராலும் உண்ண முடியாது.

காரம் மிகுந்துவிட்டால் நீரைக் குடிப்பதால் பெரிய பயன் இல்லை. கேப்சைசின் நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிரும் பாலும் தேங்காய்ப்பாலும் காரத்தைத் தணிப்பது இதனால்தான்.

மணத்துக்கு மாற்று

சுவைக்கு மாற்றுத் தேடுவதைவிட மணத்துக்கு மாற்றுத் தேடுவது கடினம். கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டால், அதன் மணத்தை அப்படியே தரும் வேறோர் இலை இல்லை. பிரிஞ்சி இலையையோ எலுமிச்சைத் தோலையோ சேர்த்தால் உணவில் ஒரு மணம் கூடும். ஆனால், அது கறிவேப்பிலை மணம் ஆகாது. இத்தகைய வேளைகளில் அந்தப் பொருளை விட்டுவிட்டுச் சமைப்பதே நேர்மையான வழி. எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று எண்ணுவதும் தவறு; எதற்கும் மாற்று இல்லை என்று எண்ணுவதும் தவறு.

செராய் எனப்படும் எலுமிச்சைப்புல் இல்லாதபோது நிலைமை சற்று எளிது. எலுமிச்சையின் பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாகச் சீவிச் சேர்த்தால், செராயின் மணத்துக்கு ஓரளவு நெருங்கிவரலாம். தோலுக்கு அடியிலுள்ள வெண்பகுதி கசக்கும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். லெங்குவாஸ் எனப்படும் பேரரத்தை இல்லாவிட்டால் சிலர் இஞ்சியைப் பயன்படுத்துவர். இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள் என்றாலும், இஞ்சியின் காரம் மிகுதி. எனவே, குறிப்பிலுள்ள அளவைவிடக் குறைவாகவே அதைச் சேர்க்க வேண்டும்.

பச்சை இலைகளுக்குப் பதிலாக உலர்ந்த இலைகளைப் பயன்படுத்துவோரும் உண்டு. உலரும்போது நீர் வெளியேறிவிடுவதால், உலர்ந்த இலையில் மணம் செறிந்திருக்கும். மூன்று பங்கு பச்சை இலைக்கு ஒரு பங்கு உலர்ந்த இலை என்பது சமையற்காரர் பின்பற்றும் பொதுவான கணக்கு. உலர்ந்த இலையை முன்னதாகவும் பச்சை இலையை இறுதியிலும் சேர்க்க வேண்டும்.

முழு மசாலைக்குப் பதிலாகத் தூளைப் பயன்படுத்தும்போதும் கவனம் தேவை. பட்டையும் கிராம்பும் சூடான எண்ணெயில் பொரிந்து மணம் தரும். அதே சூட்டில் தூளைக் கொட்டினால், நொடிப்பொழுதில் கருகிக் கசந்துபோகும். பொருள் மாறினால் அதைச் சேர்க்கும் நேரமும் மாற வேண்டும்.

உவர்ப்புக்கு மாற்று

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பர். உப்பு இல்லாதபோது சோயா கிச்சாப்பையோ மீன் சாற்றையோ சேர்ப்பது இந்நாட்டுச் சமையலறைகளில் புதியதன்று. அவற்றில் உப்போடு நீரும் நிறமும் மணமும் கலந்திருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். கிச்சாப்பைச் சேர்த்த பிறகு, குறிப்பில் சொன்னபடி உப்பையும் போட்டால் உணவு கரித்துவிடும்.

தூளுப்புக்குப் பதிலாகக் கல்லுப்பைப் பயன்படுத்தும்போதும் அளவு மாறும். கல்லுப்பின் பரல்களுக்கிடையே இடைவெளி இருப்பதால், ஒரு தேக்கரண்டிக் கல்லுப்பின் எடை ஒரு தேக்கரண்டித் தூளுப்பின் எடையைவிடக் குறைவு. முதலில் குறைவாகப் போட்டு, கரைந்த பிறகு சுவைத்துப் பார்த்துக் கூட்டுவதே பாதுகாப்பான வழி. போட்ட உப்பைத் திரும்ப எடுக்க இயலாது அல்லவா?

பெலாச்சான் தருவது உவர்ப்பு மட்டுமன்று. கூனி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்துச் செய்யப்படும் அதில், நாவில் நிலைத்து நிற்கும் ஆழ்ந்த சுவை ஒன்றும் உண்டு. 1908-இல் ஜப்பானிய அறிவியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றை ஆராய்ந்து, அச்சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்தார். அதற்கு 'உமாமி' என்று பெயரிட்டார். சைவ உணவு உண்போர் பெலாச்சானுக்குப் பதிலாகப் புளிக்கவைத்த சோயா அவரையையோ உலர்ந்த காளானையோ பயன்படுத்தலாம். அவற்றிலும் உமாமிச் சுவை உண்டு.

அன்று மாலை, குழம்பு கொதித்து வந்ததும் மாணவி சுவைத்துப் பார்த்தாள். ஏதோ குறைவதாகத் தோன்றியது. உப்புப் போத்தலை எடுத்தாள். பாட்டிக்கு இரத்த அழுத்தம் இருப்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. அவள் உப்பை வைத்துவிட்டு, அடுப்பை அணைத்து, அரைப் பழம் லீமாவ் கஸ்தூரியைப் பிழிந்தாள். மறுபடியும் சுவைத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. சிறிது புளிப்பு, உணவில் ஏற்கெனவே இருக்கும் உப்பை நாவுக்கு எடுத்துக்காட்டும்.

மாற்றக் கூடாத இடங்கள்

மாற்றுப்பொருள் சுவையைக் கெடுத்தால் ஒருவேளை உணவு வீணாகும், அவ்வளவுதான். ஆனால், சில மாற்றங்கள் உண்பவரின் உடல்நலத்துக்கே தீங்கு விளைவிக்கும்.

கடைகளில் விற்கப்படும் குறைந்த சோடியம் உப்பு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதில் சாதாரண உப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். பலருக்கும் அது நன்மை தரலாம். ஆனால், சிறுநீரகம் பழுதடைந்தவர்களின் உடலால் மிகுதியான பொட்டாசியத்தை வெளியேற்ற இயலாது. அத்தகையோர் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சம்பல், கறி முதலியவற்றைக் கெட்டியாக்க அரைத்துச் சேர்க்கப்படும் புவா கெராஸ் கொட்டையைப் பச்சையாக உண்ணக் கூடாது. அதில் நச்சுத்தன்மை உண்டு. நன்றாக வேகவைத்தே உண்ண வேண்டும். அது இல்லாதபோது முந்திரியை அரைத்து ஊற்றுவது வழக்கம். ஆனால், முந்திரி, வேர்க்கடலை போன்றவை ஒவ்வாமல் மூச்சுத்திணறலுக்கு ஆளாவோர் உள்ளனர். சீனிக்குப் பதிலாகத் தேனைச் சேர்ப்பதும் நல்லதுதான். ஆனால், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அக்குழந்தைக்குக் கடும் நோயை உண்டாக்கும். வெங்காயமும் பூண்டும் உண்ணாதோர் அவற்றுக்கு ஈடாகப் பெருங்காயத்தைப் பயன்படுத்துவர். கடையில் கிடைக்கும் பெருங்காயத்தூள் பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒவ்வாதவர்களுக்காகச் சமைப்பவர் பொட்டலத்தின் மேலுள்ள விவரத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.

உடல்நலத்தைப் போலவே மதிக்கப்பட வேண்டியது நம்பிக்கை. பல இன மக்கள் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் நாடு இது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு மலாய் நண்பர்கள் வருவார்கள். சைவ உணவு மட்டுமே உண்ணும் உறவினர்களும் வருவார்கள். ஜப்பானிய உணவில் சேரும் மிரின் என்னும் இனிப்புச் சாற்றில் மது உண்டு. காய்கறிச் சம்பலில் சுவைக்காகச் சிறிது பெலாச்சான் சேர்த்தாலும், அது சைவம் ஆகாது. "கொஞ்சம்தானே, யாருக்குத் தெரியப் போகிறது?" என்று எண்ணுவது, நம்பி உண்ண வந்தவருக்குச் செய்யும் துரோகம். ஒரு பொருளை மாற்றியிருந்தால், அதை உண்பவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். சமையலறையில் இதைவிட முக்கியமான விதி வேறில்லை.

மாற்றமே மரபாகும்

மாற்றுப்பொருள்களின் வரலாறு ஒரு வகையில் மக்களின் வரலாறும் ஆகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1945 வரை மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தன. அரிசி கிடைப்பது அரிதானது. மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் சோற்றின் இடத்தைப் பிடித்தன. அந்தத் தலைமுறையினருக்கு மாற்றுப்பொருள் என்பது விருப்பம் அன்று. உயிர் வாழ்வதற்கான வழி.

கடல் கடந்து இங்கு வந்து தோட்டங்களில் குடியேறிய தமிழர்களும் தாங்கள் அறிந்த பொருள்களில் சிலவற்றை விட்டுவிட நேர்ந்தது. புதிய மண்ணில் பண்டான் இலையும் செராயும் அசாம் கெப்பிங்கும் அவர்களுக்கு அறிமுகமாயின. அண்டை வீட்டாரிடமிருந்து கற்ற அவை, காலப்போக்கில் தமிழர் அடுக்களைகளிலும் இடம்பெற்றன. இன்று இந்நாட்டில் வைக்கப்படும் கோழிக்கறியில் செராய் மணப்பதைப் பலரும் இயல்பாகவே கருதுகின்றனர்.

அன்றிரவு பாட்டியும் தம்பியும் மீன் குழம்பை ஊற்றிச் சோறு உண்டார்கள். தம்பி இரண்டாம் முறை குழம்பு கேட்டான். மறுநாள் காலை வேலை முடிந்து வந்த அம்மா, மிஞ்சியிருந்த குழம்பை ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். "நம்ம வீட்டுக் குழம்பு மாதிரி இல்லையே, என்ன போட்டே?" என்று கேட்டார். மகள் நடந்ததைச் சொன்னாள். அம்மா இன்னொரு கரண்டி எடுத்துக்கொண்டார். பிறகு, சமையற்குறிப்பை எடுத்து, 'எலுமிச்சை அளவு புளி' என்னும் வரிக்குப் பக்கத்தில், 'அல்லது அசாம் கெப்பிங் மூன்று வில்லை, தக்காளி இரண்டு, சீனி ஒரு சிட்டிகை' என்று எழுதும்படி மகளிடம் பேனாவை நீட்டினார்.

அந்தப் பொட்டலத்தைக் கொடுத்த பக்கத்து வீட்டு மாக்சிக்குக்கு, அன்று மதியம் ஒரு கிண்ணம் குழம்பு போயிற்று. அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் மகள் வாசலில் நின்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.